சக்கரத்தில் குறையில்லை

இட்லிப் பானையைத் திறந்து பார்த்தாள் சித்ராதேவி. மூன்று தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவது தட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ராஜபாண்டியின் மடியில் இருந்தது. குழிகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அந்த மனுஷன் அடுப்படிக்குள் வந்து தானாகக் கையில் எடுத்த முதல் சாமான் அதுதான்.

"அது இட்லித் தட்டு" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அறுக்குறீகளா?"

"அளவு கச்சிதமா இருந்துச்சு சித்ரா. ஓட்டை போடுற எடமெல்லாம் அவனே வட்டமாக் குழிச்சுக் குடுத்துட்டான். புதுசா ஒரு தட்டு வாங்கித் தந்துர்றேன்."

"கண்ணாடி வைக்கிறதுக்குத்தான?"

"அதுக்குத்தான்."

 இரண்டு தட்டில் இட்லி ஊற்றி, மிச்ச மாவைத் தோசையாகச் சுட்டு இறக்கினாள்.

ராஜபாண்டி அவிநாசி ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மெஷின் பதினாலுக்கு அவன்தான் வைத்தியம். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், வேலையும் வீடுமாகவே இருந்தான். ஊரடங்கில் மெஷின்கள் நின்றுபோன இரண்டு மாதம் மாடியில் மல்லாந்து படுத்தான் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. புகையும் பஞ்சும் அடங்கிப்போன திருப்பூரின் மேலே இத்தனை நட்சத்திரம் கிடந்ததா என்று அசந்துபோனான். மெஷின்கள் திரும்ப ஓடின. வானம் திரும்ப மங்கிப்போனது. இவன் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கோயமுத்தூரில் ஒரு கல்லூரி வாத்தியார் விற்ற பழைய தொலைநோக்கி முதலில் வந்தது. அதற்குப் பின்னால் மாட்டுகிற கேமரா ஒன்று அடுத்த வருஷம் வந்தது. அது கறுப்பு வெள்ளைக் கேமரா.

"கலர் கேமராவே உலகத்துல இல்லாமப் போச்சா?" என்று அன்றைக்கு அவள் கேட்டதும், ராஜபாண்டி பொறுமையாகத்தான் சொன்னான்.

"பனியன்ல மாருல பிரின்ட் எப்படி அடிக்கிறாங்க? கலருக்கு ஒரு ஸ்கிரீன். ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சு எடுக்குறாங்கள்ல. அதே கணக்குதான். சிவப்புக் கண்ணாடி வச்சு ஒரு படம், பச்சை வச்சு ஒண்ணு, நீலம் வச்சு ஒண்ணு. மூணையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா அடுக்குனா கலர் வந்துரும். இந்தக் கேமராவுக்கு மங்கல் வெளிச்சமும் நல்லா ஏறும்."

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்றாள். கலரைப் பற்றிப் பேசினால் சித்ராதேவிக்கு எதுவும் புரியாமல் போகாது.

சங்கடம் எதில் என்றால், கண்ணாடியை மாற்றுவதில். ஒவ்வொரு தடவையும் கேமராவைக் கழற்றித் திருகி மாட்டுவதற்குள் தொலைநோக்கியின் குழல் அசைந்துவிடும். ஃபிட்டரின் சட்டையிலும் தலைமயிரிலும் எந்நேரமும் ஒட்டியிருக்கிற பஞ்சு, கழற்றின வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூன்றோடு இன்னும் இரண்டு சேர்த்து ஐந்து கண்ணாடியையும் ஒரே சக்கரத்தில் பதித்து, மோட்டார் வைத்துத் திருப்பினால் கையே படவேண்டாம். கடையில் விற்கிறார்கள்தான். தினமும் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு அதைக் கடையில் வாங்க மனம் வருமா?

இட்லித் தட்டு தேறவில்லை. மெல்லிய தகடு, சுற்றும்போது தட்டாமாலை ஆடியது. காலர் தைக்க அச்சு வெட்டுகிற அக்ரிலிக் பலகையில் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, போர்டு எழுதுகிற கடையில் லேசரில் ஐந்து ஓட்டையோடு வட்டமாக வெட்டிவந்தான். கட்டிங் செக்‌ஷனில் அளவுத்தாள் வரைகிற பழைய ப்ளாட்டர் ஒன்று குப்பைக்குப் போனது. அதிலிருந்து அடியடியாக நகர்கிற சின்ன மோட்டாரும் பல் வைத்த பெல்ட்டும் கிடைத்தன. நிட்டிங் மெஷின் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிற சென்சாரில் பழசு ஒன்றைக் கழற்றிவந்தான். சக்கரத்தின் ஓரத்தில் மிளகளவு காந்தம் ஒட்டி, அது சென்சாருக்கு நேரே வந்தால் அதுதான் முதல் ஓட்டை என்று மோட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தான். சிவப்பு, பச்சை, நீலம், ஹைட்ரஜன் வெளிச்சத்தை மட்டும் விடுகிற கருஞ்சிவப்பு, ஐந்தாவதாக வெறும் கண்ணாடி. லேப்டாப்பில் எண்ணைத் தட்டினால் 'கிர்ர்' என்று திரும்பி நின்றது. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் முடித்த வேலை அது.

சித்ராதேவி சும்மா இருக்கிற பொம்பளை இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஷேடு பார்க்கிறவள். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி, ஆர்டர் கொடுத்த பையர் கேட்ட நிறத்தில் இருக்கிறதா, ஒரே சட்டைக்குப் போகிற உடம்புத் துணியும் கழுத்துப் பட்டித் துணியும் ஒரே நிறமா என்று, உள்ளே டியூப் லைட் எரிகிற லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாகச் சொல்கிறாள். துணியைப் பார்க்கும்போது வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்ப்பாள். சேர்ந்த புதிதில் டியூப் லைட் கூச்சத்துக்காகச் செய்தது, அப்படியே பழகிவிட்டது. பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியும், ஒண்ணுதான்" என்றால் லாரி கிளம்பலாம். புதிதாக வந்த பெண்கள்கூட வலது கண்ணை மூடிப் பார்த்துப் பழகினார்கள் என்றால் மற்றதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் அந்த மாசி மாத வெள்ளிக்கிழமை வினை வந்தது. குழந்தைகள் உடுப்பு, வெளிர் நீலம். பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து, ஒரு உடுப்பை ஜன்னலோரம் மேசையில் விரித்து, கழுத்துப் பட்டியை விரலால் சுட்டினான். பட்டி லேசாகப் பச்சையடித்தது. சித்ராதேவியும் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது.

"நான் பாத்த துணி இது இல்ல" என்றாள்.

அந்தத் துணிக்கு ஓகே சொல்லி அவள் கையெழுத்துப் போட்ட கார்டை எடுத்துவந்தார்கள். அதில் ஒட்டியிருந்த துண்டும் அதே பச்சையடித்தது. துண்டு வெட்டிக் கார்டில் ஒட்டுவது ஆஷாவின் வேலை. இருபத்து மூன்று வயது, நாசரேத் பக்கத்துப் பெண், வந்து இரண்டு வருஷம்.

"யக்கா, நான் அன்னைக்கே சொன்னேம்லா, லேசாப் பச்சை அடிக்கின்னு. நீங்கதான் பாத்துட்டு ஒண்ணுதான்னு சொன்னிய" என்றாள் ஆஷா.

"இந்தத் துணியை நான் பாத்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பனா? பதினெட்டு வருசமாப் பாக்குறேன். நான் கையெழுத்துப் போட்ட பெறகு வேற துண்டை ஒட்டியிருக்க."

சத்தியமாக அப்படித்தான் நம்பினாள். குவாலிட்டி மேனேஜர் சுரேந்தர், அவிநாசிக்காரர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சித்ராக்கா கண்ணுல தப்பு வராதுங்க" என்று பையரின் ஆளிடம் சொல்லிவிட்டு ஆஷாவை வெளியே அனுப்பினார். மறுநாள் காலையில் ஆஷா வந்து, 'தவறுதலாகத் துண்டை மாற்றி ஒட்டிவிட்டேன்' என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதோடு அவளுக்கு வேலை போனது. அந்தப் பெயரோடு வேறு எந்தக் கம்பெனியிலும் செக்கிங்கில் சேர்க்கமாட்டார்கள். ஒத்துக்கொண்டாளே என்று சித்ராதேவிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ராஜபாண்டி வந்து நின்றான்.

"சக்கரத்தைச் சோதிச்சுப் பாக்கணும். கலர்த் துணியா நாலஞ்சு துண்டு குடு. அதுல ஒரே கலர்ல ரெண்டு வேணும். எதிரெதிர் மூலைல குத்திப் படம் எடுத்தா ரெண்டு மூலைலயும் ஒரே மாதிரி வரணும். வரலைன்னா கண்ணாடி நடுவுல வந்து நிக்கலைன்னு அர்த்தம்."

கம்பெனியிலிருந்து கரித்துணிக்கென்று அள்ளிவந்த வெட்டுத் துண்டுப் பைக்குள் கைவிட்டாள். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, பழுப்பு ஒன்று. வெளிர் நீலத்தில் இரண்டு எடுத்து, வலது கண்ணை மூடிப் பார்த்து, "இது ரெண்டும் ஒண்ணு" என்று கொடுத்தாள். ராஜபாண்டி இரண்டையும் ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு கேரம் போர்டின் பின்பக்கம் குண்டூசியால் குத்தி, மாடியின் அந்தக் கோடிச் சுவரில் சாய்த்தான். குழலைக் கழற்றிவிட்டுக் கேமராவுக்குச் சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டினான்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே வந்த வீட்டுக்காரர் ஆத்தப்பன் இதைக் கண்டு நின்றுவிட்டார். "ஏனுங் தம்பி, நிலாவைப் பாக்கற சாமானம்னு சொன்னீங்க. பட்டப்பகல்ல என்ற ஊட்டுச் செவுத்தைப் பாத்துட்டு இருக்கறீங்க?"

"டெஸ்ட்டுங்கய்யா."

"துணிக்கும் டெஸ்ட்டு, வானத்துக்கும் டெஸ்ட்டுங்களா. நடத்துங்க, நடத்துங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

சக்கரம் மூன்று தடவை திரும்பியது. மூன்று படத்தையும் அடுக்கியதும் லேப்டாப்பில் கலர் வந்தது. கை துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள் சித்ராதேவி. பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியில்ல. மேல இருக்கிற நீலம் நீலமா இருக்கு. கீழ் மூலைல இருக்கிறது பச்சையடிக்குது. நான் குடுத்தது ரெண்டும் ஒண்ணுல்ல?"

"ஒண்ணுதான்?"

"நல்லாத் தெரியும்."

அவ்வளவுதான், ராஜபாண்டி சக்கரத்தைக் கழற்றினான். நீலக் கண்ணாடி ஓரம் தள்ளி நிற்கிறது, அதனால்தான் ஒரு மூலையில் நீலம் குறைகிறது என்று நினைத்தான். துணியில் ஓட்டை விழுந்தால் மெஷினில் ஊசி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபிட்டருக்கு வேறு பாடம் கிடையாது. திங்கட்கிழமை பெல்ட்டை இறுக்கினான். செவ்வாய்க்கிழமை சென்சாரை மாற்றினான். புதன்கிழமை எங்கேயோ வெளிச்சம் கசிகிறது என்று கூட்டின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி ஒட்டினான். வேலை விட்டு வந்து, பஞ்சோடு பஞ்சாகப் படியடியில் உட்கார்ந்தால் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு படம் எடுப்பான். பச்சை அப்படியே இருக்கும்.

"எரநூறு தடவை சுத்தவிட்டேன் சித்ரா" என்றான் சனிக்கிழமை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து. "பென்சிலால கோடு போட்டு வச்சுப் பாத்தேன். எரநூறு தடவையும் மயிரிழை மாறாம அதே எடத்துல நிக்குது. ஆனா படத்துல மட்டும் மாறுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல."

"எங்கயாச்சும் ஒரு கோளாறு இருக்கும். பொறுமையாப் பாருங்க. துணி பொய் சொல்லாது."

"துணியை யாரு சொன்னா? நீ ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

அந்த வாரம் பூராவும் அவளுக்கு அவனைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது. ஒரு மனுஷன் தன் சொல்லை இவ்வளவு நம்பி இரும்போடு மல்லுக்கட்டுகிறானே என்று பெருமை வேறு.

இரண்டாவது ஞாயிறு. வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கண்ணாடிகளிலேயே குறை இருக்கலாம் என்று ஐந்தையும் கழற்றிவிட்டான் ராஜபாண்டி. ஒவ்வொன்றாக மென்துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தான். "விளிம்பை மட்டும் பிடி, விரல் ரேகை பட்டுறக்கூடாது. பஞ்சு ஏதும் இருக்கா பாரு" என்றான். சித்ராதேவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வழக்கம்போல வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். சிவப்பு சுத்தம். பச்சை சுத்தம். நீலத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன இம்புட்டு இருட்டா இருக்கு? இதுலதான் கோளாறு. அழுக்குப் பிடிச்சுப் போச்சு போல."

ராஜபாண்டி வாங்கிப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கு. பளிச்சுன்னு இருக்கு."

"என்ன பளிச்சு. சாயத்தண்ணி மாதிரி கருத்துக் கெடக்கு."

"திரும்பப் பாரு."

வாங்கிப் பிடித்தாள். கழுத்தில் ஈ உட்கார்ந்தது, விரட்டத் தலையைச் சாய்த்ததில் வலது கண் திறந்துகொண்டது. கண்ணாடிக்குள் நீலம் குபீரென்று பரவியது. கையை அசைக்காமல் வலதை மட்டும் மூடினாள், இருட்டு. மாற்றினாள், வெளிச்சம். நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அதைக் கண்ட ராஜபாண்டி திருப்புளியைக் கீழே வைத்தான்.

அவள் எழுந்து போய்க் கேரம் போர்டிலிருந்து அந்த இரண்டு நீலத் துண்டையும் பிடுங்கிவந்தாள். ஜன்னல் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வலது கண்ணை மூடினாள். இரண்டும் ஒன்று. இடது கண்ணை மூடினாள். ஒன்று நீலம், மற்றொன்று பச்சையடித்த நீலம். கண் தெரியாதவன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான் போலிருந்தது, அவ்வளவு வித்தியாசம்.

"ரெண்டும் வேற வேற" என்றாள்.

ராஜபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் லேசாத் தெரிஞ்சுச்சு" என்றான்.

"எப்ப?"

"நீ குடுத்தப்பவே."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"நீ ஒண்ணுன்னு சொன்ன. ஒன் கண்ணு முன்னால என் கண்ணு என்னத்துக்கு ஆகும்? என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் தூக்கமில்லாமல் மெஷினைப் பிரித்தவன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? "நான் என்ன சாமியா? மனுசிதான? வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே ஆஷாவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் வாயைத் திறந்து சொன்னாளே, லேசாகப் பச்சையடிக்கிறது என்று. சொன்னவளை என்ன செய்தோம்? சித்ராதேவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். லைட் பாக்ஸுக்குள் அந்தப் பட்டித் துணியை ஒற்றைக் கண்ணால் பார்த்தது தான்தான். ஜன்னலோர மேசையில் பையரின் ஆள் காட்டியபோது இரண்டு கண்ணாலும் பார்த்ததும் தான்தான். ஒரே துணி. எந்தத் துண்டையும் யாரும் மாற்றவில்லை.

மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் தேஜஸ்ரீக்குப் போன் போட்டாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புரைம்மா. ஒனக்கு ஏழு வருசமா சுகர் இருக்குல்ல, அதான் சீக்கிரம் வந்துருச்சு. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாயிரும். நீலம்தான் மொதல்ல மங்கும். மெதுவா வர்றதால ஒனக்கே தெரிஞ்சிருக்காது. ஆபரேசன் பண்ணா சரியாயிரும், பயப்படாத" என்றாள். பயம் அதற்கில்லை என்று மகளிடம் சொல்லவில்லை.

ராஜபாண்டி ஐந்து கண்ணாடியையும் திரும்பப் பதித்துச் சக்கரத்தைப் பூட்டினான். ஒரே லாட் துணியில், அதாவது ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணியில், இரண்டு துண்டை அவனே வெட்டிக் குத்திப் படம் எடுத்தான். இரண்டு மூலையும் ஒன்றுபோல வந்தன.

"சக்கரத்துல கொறையில்ல" என்றான். நாலு மாத உழைப்பு பலித்த வார்த்தையைக் குற்றம் ஒத்துக்கொள்கிறவன் குரலில் சொன்னான். அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் திருவாதிரை நட்சத்திரம் மாடிக்கு நேர் மேலே துலக்கமாக நின்றது. அவன் தொலைநோக்கியை வெளியே எடுக்கவில்லை.

"என்ன செய்யப் போற?" என்றான் சாப்பிடும்போது.

"போய்ச் சொல்லணும்."

"ஆபரேசன் முடிச்சிட்டுச் சொல்லலாம்ல? இப்பச் சொன்னா வேலை போயிரும். ஷேடு பாக்குற எடத்துல வேற யாரையாவது ஒக்கார வச்சிருவாங்க. பெறகு ஒனக்குக் கண்ணு வந்தாலும் எடம் வராது."

"அவளுக்குப் போயிருச்சுல்ல?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவளும் அதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். வீடு வாடகை, காடு கரை கிடையாது, சொந்தபந்தம் எல்லாம் தெற்கே. சித்ராக்கா சொன்னால் சரி என்கிற பேச்சு மட்டும்தான் அவள் சம்பாதித்தது. அதைப் போய்த் தானே கலைக்க வேண்டுமா என்று விடிகிறவரை மனசு அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சுரேந்தரின் அறையில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, உங்களுக்கு ஒடம்புக்கு ஆயிரம் வருமுங்க. லீவு எடுத்துட்டுக் கண்ணை வைத்தியம் பண்ணிட்டு வாங்க. இதைப் போயி வெளிய பேசோணுமா?"

"ஆஷா மேல பழி கெடக்கு சார்."

"அது முடிஞ்சு போன கதைங்க. எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு."

"நீங்க எழுதச் சொன்னீகளா?"

"ஐயோ, இல்லீங்க. நாங்க யாரும் கேக்கவே இல்ல. அதுவாத்தான் மக்யா நாள் காலைல வந்து எழுதிக் குடுத்துச்சு. சத்தியமுங்க." கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு இருக்குதுங்கக்கா. ஷேடு பாக்கறவங்களுக்கு வருஷா வருஷம் கலர் டெஸ்ட்டு வைக்கோணும். பையர் ரூல்ஸ். இந்த வருஷம் மத்தவங்களுக்கெல்லாம் வெச்சேன். உங்களுக்குப் போயி டெஸ்ட்டு வைக்கறதா, மரியாதையா இருக்காதுன்னு நானே பாஸ்னு எழுதிப்போட்டேனுங்க. இது வெளிய போச்சுன்னா என்ற வேலையும் போயிருமுங்க."

அவரைப் பார்க்க அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளின் படத்தை மேசையில் வைத்திருந்தார். ராஜபாண்டியும் மரியாதைதான் பார்த்தான், இவரும் மரியாதைதான் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து மரியாதை பார்த்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. "பையருக்கு என்ன சொல்லணுமோ நீங்க சொல்லிக்கோங்க சார். எங்கூட வேலை பாக்குற பிள்ளைகளுக்கு நான் சொல்லியாகணும்" என்று எழுந்தாள்.

செக்கிங் பெண்கள் ஆறு பேரையும் லைட் பாக்ஸ் அறைக்குக் கூப்பிட்டாள். அந்த வெளிர் நீல உடுப்புகளில் ஒன்றை எடுத்து உள்ளே விரித்தாள். டியூப் லைட்டைப் போட்டாள். வலது கண்ணை மூடிக்கொண்டு, "இப்படிப் பாத்தா உடம்பும் பட்டியும் எனக்கு ஒரே கலர்" என்றாள். இடது கண்ணை மூடிக்கொண்டாள். "இப்படிப் பாத்தா பட்டி பச்சையடிக்குது. என் இடது கண்ணு கெட்டுப்போச்சு. அந்தக் கண்ணாலதான் ஓகே பண்ணேன். எத்தனை மாசமாக் கெட்டிருக்குன்னு எனக்கே தெரியாது."

 அவர்களில் கீதாஞ்சலி என்ற பெண், "அப்போ ஆஷாங்கக்கா?" என்று கேட்டாள்.

"ஆஷா அன்னைக்கு எங்கிட்டச் சொன்னா. அவ சொன்னதுதான் சரி. நான்தான் அவ மேல பழியைப் போட்டேன்."

 கூச்சமாகவும் அவமானமாகவும் இருந்தது. பதினெட்டு வருஷம் தன்னிடம் துணியைக் காட்டிவிட்டு முகத்தைப் பார்த்து நின்ற பெண்கள் இப்போது தன் கண்ணைப் பார்த்தார்கள். சுரேந்தர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, ஃபைலிலிருந்து ஆஷா எழுதிய தாளை உருவிவந்து அவளிடம் கொடுத்தார். "அந்தப் புள்ளையை வரச் சொல்லுங்கக்கா. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேனுங்க" என்றார். லைட் பாக்ஸ் அறைச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள் சித்ராதேவி.

ஆஷா பெருமாநல்லூர் போகிற வழியில் லைன் வீடு ஒன்றில் சித்தியோடு இருந்தாள். சித்தி வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் மூட்டை மூட்டையாகப் பனியன். சித்ராதேவி போனபோது ஆஷா தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் தையல் நூலின் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தாள். செக்கிங்கில் இருந்தவள் செய்கிற வேலையில்லை அது. இவளைக் கண்டதும் பதறி எழுந்து மடியை உதறினாள்.

"வாங்கக்கா. உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கிய. தண்ணி தாரேன்."

கதவை முகத்தில் சாத்துவாள், இல்லையென்றால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பாள் என்று வழியெல்லாம் தயாராகி வந்தவளுக்கு அந்தத் தண்ணீர்ச் செம்பை வாங்கக் கை கூசியது. வாங்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரம், நீலக் கண்ணாடி, இரண்டு துண்டு, காலையில் ஆறு பேர் முன்னால் சொன்னது, சுரேந்தர் வரச்சொன்னது. ஆஷா செம்பைக் கையில் பிடித்தபடி இமைக்காமல் கேட்டாள்.

"என்னை மன்னிச்சிரு தாயி" என்று முடித்தாள் சித்ராதேவி.  தன் பையிலிருந்து ஆஷா எழுதிய அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். "இதை ஏன் எழுதிக் குடுத்த? யாரும் எழுதச் சொல்லலைன்னு அவரு சத்தியம் பண்றாரு. மாத்தி ஒட்டலைன்னு ஒனக்குத் தெரியும்ல?"

ஆஷா தாளை வாங்கித் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமை ராத்திரி பூரா அதையேதான்க்கா யோசிச்சிட்டுக் கெடந்தேன். நீங்க சொன்னா தப்பா இருக்காதுல்லா. அன்னைக்கு மேசைல நெறைய துண்டு கெடந்துச்சு. கை மாறிப் போயிருக்குமோன்னு தோணுச்சு. தோணத் தோண, கை மாறுனதே ஞாபகத்துக்கு வந்துட்டு. எந்தத் துண்டை எடுத்தேன், எங்கன வச்சுப் பசை தடவுனேன், எல்லாம் கண்ணுக்குள்ள தெரிஞ்சிச்சு. இப்பமும் தெரியுது. அதான் விடிஞ்சதும் போய் எழுதிக் குடுத்தேன். மனசுல வச்சிக்கிட்டு ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போவ முடியாதுல்லா."

சித்ராதேவி அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பம் நான் மாத்தி ஒட்டலையாக்கா?" என்று கேட்டாள் ஆஷா.

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்" என்றாள் சித்ராதேவி.

"சரிக்கா" என்று ஆஷா தலையாட்டினாள். மறுபேச்சு இல்லை, ஒரு கேள்வி இல்லை, அந்த நிமிஷமே நம்பிவிட்டாள். செய்யாத தப்பையும் இவள் இப்படித்தான், தன் சொல்லை வைத்தே நம்பினாள் என்று சித்ராதேவிக்கு உறைத்தது.